வைஃபை ரவுட்டரின் ஆயுளும் திறமூல நிலைப்பொருளும்

இயந்திரம் ஒன்று தேய்ந்து பழுதாகும்போதுதான் அதன் ஆயுள் முடிகிறது என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். தறி, நீர் இறைக்கும் பம்பு, தட்டச்சுப் பொறி ஆகியவற்றைப் பொறுத்த வரையில் இக்கருத்து பெரும்பாலும் சரியே. ஆனால், மென்பொருளால் இயங்கும் கருவிகளுக்கு மற்றோர் ஆயுளும் உண்டு. உறுப்புகள் அனைத்தும் நல்ல நிலையில் இருக்கும்போதே, உள்ளிருக்கும் மென்பொருளின் குறைகளைத் திருத்தித் தருவதை உற்பத்தியாளர் நிறுத்திவிடக்கூடும். அன்றோடு அக்கருவியின் பாதுகாப்பான ஆயுள் முடிந்துவிடுகிறது. வீடுகளிலும் பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் இணைய இணைப்பைப் பகிர்ந்தளிக்கும் வைஃபை ரவுட்டர் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

இந்த இரண்டாவது ஆயுளை நீட்டிக்கும் வழிகளுள் ஒன்று, உற்பத்தியாளர் தந்த நிலைப்பொருளுக்குப் பதிலாகத் திறமூல நிலைப்பொருளை அக்கருவியில் இயங்கச் செய்வதாகும். இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, அதன் செலவை ஏற்போர் யார், பயனைப் பெறுவோர் யார், பொதுப் பணத்தில் கருவிகள் வாங்கும் அலுவலர்கள் இதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியவை யாவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலைப்பொருள் என்பது யாது?

வெளித்தோற்றத்தில் ஒரு சிறு பெட்டியாகக் காணப்படும் ரவுட்டர், உண்மையில் ஒரு முழுமையான கணினியாகும். அதில் நுண்செயலி உண்டு. வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம் உண்டு. மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம் உண்டு. கம்பி இணைப்புகளைக் கையாளும் சுவிட்சும், கம்பியில்லா இணைப்புக்கான வானொலிப் பகுதியும் அதனுடன் சேர்க்கப்பட்டிருக்கும். ஃபிளாஷ் நினைவகத்தில் பதிந்துள்ள மென்பொருளையே நிலைப்பொருள் என்கிறோம்.

நிலைப்பொருளில் மூன்று அடுக்குகள் உள்ளன. மின்சாரம் வந்தவுடன் முதலில் விழித்தெழுந்து மற்றவற்றை நினைவகத்தில் ஏற்றும் பூட்லோடர் முதலாவது அடுக்கு. வன்பொருளை நேரடியாக ஆளும் கருநிரல் இரண்டாவது. அதன் மேல் இயங்கும் பயன்பாட்டு நிரல்களும் அமைப்புப் பக்கங்களும் மூன்றாவது. இன்று விற்பனையாகும் வீட்டு ரவுட்டர்களுள் பெரும்பாலானவற்றின் கருநிரல் லினக்ஸ் ஆகும். லினக்ஸோ ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்படுவது. இவ்வுரிமத்தின்படி, லினக்ஸைத் தன் கருவியில் வைத்து விற்பவர், அதன் மூல நிரலை வாங்குவோருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். இந்த ஒரு நிபந்தனையே பின்னர் விவரிக்கப்படும் இயக்கம் முழுவதற்கும் அடிப்படையாக அமைந்தது.

தோற்றமும் வளர்ச்சியும்

லிங்க்சிஸ் நிறுவனம் 2002ஆம் ஆண்டு இறுதியில் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்னும் ரவுட்டரை அமெரிக்கச் சந்தையில் அறிமுகப்படுத்தியது. 2003ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தைச் சிஸ்கோ வாங்கியது. அதே ஆண்டின் நடுப்பகுதியில், இந்த ரவுட்டரின் நிலைப்பொருளில் லினக்ஸ் இருப்பதையும், அதன் மூல நிரல் கொடுக்கப்படாமல் இருப்பதையும் லினக்ஸ் நிரலாளர்கள் கண்டறிந்து கேள்வி எழுப்பினர். இதன் விளைவாக நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது.

வெளியிடப்பட்ட அந்நிரலை அடித்தளமாகக் கொண்டு 2004ஆம் ஆண்டில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் ஒரே கருவிக்கென ஏற்பட்ட இத்திட்டம், இன்று பல உற்பத்தியாளர்களின் பற்பல மாதிரிகளில் இயங்கும் பொதுவான நிலைப்பொருளாக வளர்ந்துள்ளது. 2016ஆம் ஆண்டில் கருத்து வேறுபாட்டால் லீட் என்னும் பெயரில் ஒரு பிரிவு தனித்துச் சென்றபோதிலும், 2018ஆம் ஆண்டு தொடக்கத்தில் இரு பிரிவுகளும் மீண்டும் ஒன்றாயின.

இதற்கிடையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி பொருளியல் மாணவர்களின் கவனத்திற்குரியது. 2005ஆம் ஆண்டில் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி கருவியின் ஐந்தாம் பதிப்பில், செலவைக் குறைக்கும் பொருட்டு நினைவகம் பாதியாக்கப்பட்டு, லினக்ஸுக்குப் பதிலாக வேறோர் இயக்க அமைப்பு பொருத்தப்பட்டது. எனினும், பழைய அமைப்பை விரும்பிய வாடிக்கையாளர்களுக்கென டபிள்யூ.ஆர்.டி. 54ஜிஎல் என்ற பெயரில் லினக்ஸ் மாதிரியையும் நிறுவனம் தனியே விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாற்றியமைக்கும் உரிமை என்பதும் ஒரு பண்டத்தின் தரக்கூறுகளுள் ஒன்றே. அதற்கும் சந்தையில் தேவை உண்டு என்பதை இது காட்டிற்று.

உரிமத்தைச் செயற்படுத்துவதில் பூசல்கள் இல்லாமல் இல்லை. சிஸ்கோ நிறுவனத்தின் மீது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வழக்குத் தொடர்ந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதம் இருதரப்பும் உடன்பாடு கண்டன.

ஒரு கருவிக்கு ஆதரவு சேர்க்கும் முறை

திறமூல நிலைப்பொருள் ஒன்று இருப்பதனாலேயே அது எல்லா ரவுட்டர்களிலும் இயங்கிவிடாது. மேசைக் கணினியில் எந்த உறுப்பு எங்கே உள்ளது என்பதைக் கணினியே பெருமளவுக்குக் கண்டறிந்துகொள்ளும். ரவுட்டரில் அத்தகைய ஏற்பாடு இல்லை. எந்த விளக்கு எந்த முனையில் இணைந்துள்ளது, ஃபிளாஷ் நினைவகத்தில் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பன போன்ற விவரங்களை ஒவ்வொரு மாதிரிக்கும் மனிதர் ஒருவர் ஆராய்ந்து எழுதித் தர வேண்டும். இதுவே ஆதரவு சேர்த்தல் எனப்படுகிறது. அதன் படிகள் பின்வருமாறு:

முதற்படி, கருவியை அடையாளம் காண்பது. பெட்டியைத் திறந்து, சிப் எந்த நிறுவனத்தினுடையது, தற்காலிக நினைவகம் எவ்வளவு, ஃபிளாஷ் எவ்வளவு என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளியே அச்சிட்ட பெயர் போதாது. ஒரே பெயரில் வரும் முதற்பதிப்பும் இரண்டாம் பதிப்பும் உள்ளே வெவ்வேறு சிப் கொண்டவையாக இருப்பது சாதாரணம். கருவியின் சிப் குடும்பம் ஏற்கெனவே திறமூலத் திட்டத்தில் ஆதரிக்கப்பட்டிருப்பின் வேலை சில நாள்களில் முடியலாம். புதிய குடும்பமாயின் மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். ஆகவே, வேலையின் அளவு இந்தப் படியிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது எனலாம்.

இரண்டாம் படி, கருவியோடு பேசுவதற்கான வழியைத் திறப்பது. பெரும்பாலான ரவுட்டர்களின் மின்சுற்றுப் பலகையில் தொழிற்சாலைச் சோதனைக்கென விடப்பட்ட மூன்று அல்லது நான்கு சிறு முனைகள் இருக்கும். தரை, அனுப்புதல், பெறுதல் ஆகிய மூன்று முனைகளையும் சீரியல் இணைப்பி மூலம் கணினியோடு இணைத்தால், கருவி விழித்தெழும்போது வெளியிடும் செய்திகள் ஒவ்வொன்றும் திரையில் தோன்றும். நொடிக்கு 115200 பிட் என்பது இங்கு வழக்கமான வேகம். முனைகளின் மின்னழுத்தம் பெரும்பாலும் 3.3 வோல்ட் ஆகும்; 5 வோல்ட் இணைப்பியைப் பொருத்தினால் சிப் கெட்டுவிடக்கூடும் என்பதால் முதலில் அளந்து பார்ப்பது அவசியம்.

மூன்றாம் படி, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வது. எதையும் எழுதுவதற்கு முன்னர் ஃபிளாஷ் நினைவகத்தின் முழுப் படியை எடுத்து வைத்தல் வேண்டும். இது வெறும் சம்பிரதாயமன்று. ஒவ்வொரு ரவுட்டரின் வானொலிப் பகுதியும் தொழிற்சாலையில் தனித்தனியே அளந்து சீர்செய்யப்படுகிறது. அந்த அளவீட்டுத் தரவும், அக்கருவிக்கு மட்டுமே உரிய மேக் முகவரியும் ஃபிளாஷின் ஒரு சிறு பகுதியில் பதிந்துள்ளன. அவை அழிந்துவிட்டால் வேறொரு கருவியிலிருந்து சரியாக மீட்டெடுக்க இயலாது. கம்பியில்லா இணைப்பு ஒழுங்காக இயங்காமல் போய்விடும்.

நான்காம் படி, நினைவகத்தில் மட்டும் இயக்கிப் பார்ப்பது. யூ-பூட் போன்ற பூட்லோடர்கள், வலையமைப்பு வழியாக ஒரு நிலைப்பொருளைப் பெற்று, ஃபிளாஷில் எழுதாமலேயே தற்காலிக நினைவகத்திலிருந்து இயக்க வல்லவை. சோதனை தவறினால் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தாலே பழைய நிலை திரும்பிவிடும். பாத்தியில் விதைத்துப் பார்த்த பின்னரே வயலில் விதைப்பது போன்ற முறை இது.

ஐந்தாம் படியே பணியின் உயிர்நாடியாகும். டிவைஸ் ட்ரீ எனப்படும் வன்பொருள் விவரக் கோப்பை எழுதுவதுதான் அது. நினைவகப் பகுதிகளின் எல்லைகள், மேக் முகவரி இருக்கும் இடம், அளவீட்டுத் தரவு இருக்கும் இடம், விளக்குகளும் பொத்தான்களும் சேர்ந்துள்ள முனைகள், கம்பி இணைப்பு வாய்களின் வரிசை ஆகிய அனைத்தும் இக்கோப்பில் இடம்பெறும். ஏற்கெனவே ஆதரவு பெற்ற கருவி ஒன்று ஒத்த அமைப்புடையதாக இருப்பின், அதன் கோப்பை மாதிரியாகக் கொண்டு வேறுபாடுகளை மட்டும் எழுதினால் போதும். கோப்பு சில நூறு வரிகளுக்குள் அடங்கிவிடும். ஆனால், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் அளவீடோ சோதனையோ இருத்தல் வேண்டும்.

ஆறாம் படி, ஃபிளாஷில் நிலையாக எழுதிச் சோதிப்பது. உற்பத்தியாளரின் நிலைப்பொருளிலிருந்து புதியதற்கு மாறும் வழி, புதியதிலிருந்து அடுத்த பதிப்புக்கு உயரும் வழி, தேவையெனில் பழையதற்குத் திரும்பும் வழி ஆகிய மூன்றும் சோதிக்கப்பட வேண்டும். திரும்பி வரும் வழியைக் காட்டாத ஆதரவு முழுமையானதாகாது.

ஏழாம் படி, பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பது. மாற்றங்களை எழுதியவர் தம் பெயரில் பொறுப்பேற்று ஒப்பமிட்டு, கருவியின் விவரங்களையும் நிறுவும் முறையையும் குறிப்பிட்டு அனுப்புகிறார். திட்டத்தின் பராமரிப்பாளர்கள் அதை வரி வரியாகப் பரிசீலிக்கின்றனர். குறைகள் திருத்தப்பட்ட பின்னர் அது ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அதன் பிறகு வெளிவரும் ஒவ்வொரு பதிப்பிலும் அக்கருவிக்கான நிலைப்பொருள் மற்றவற்றோடு சேர்ந்து தானாகவே உருவாக்கப்படுகிறது. கருநிரலில் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்களும் அவ்வழியே வந்து சேர்கின்றன. ஒருவர் ஒருமுறை செய்த பணி, அதே மாதிரியை வைத்திருக்கும் அனைவருக்கும் ஆண்டுதோறும் பயன் தருவது இவ்வாறுதான்.

பொருளியல் கணக்கு

மேற்கூறிய பணியில் உழைப்புச் செலவு ஒருமுறைச் செலவாகும். அதனால் பயனடையும் கருவிகளின் எண்ணிக்கை கூடினாலும் செலவு கூடுவதில்லை. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைந்துவிடுவதுமில்லை. பயன்படுத்துவதிலிருந்து யாரையும் விலக்கவும் இயலாது. பொருளியலில் பொதுப்பண்டம் என்று நாம் கூறும் இலக்கணம் இதற்கு முற்றிலும் பொருந்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். இங்குக் காட்டும் எண்கள் கணக்கு முறையைப் புரிந்துகொள்வதற்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. ஒரு ரவுட்டரின் விலை ரூ.2,000 எனவும், நான்கு ஆண்டுகளில் உற்பத்தியாளரின் திருத்தங்கள் நின்றுவிடுகின்றன எனவும், வன்பொருள் எட்டு ஆண்டுகள் உழைக்கும் எனவும் கொள்வோம். பாதுகாப்பு கருதி நான்காம் ஆண்டு முடிவில் புதிய கருவி வாங்குவது ஒரு வழி. திறமூல நிலைப்பொருளை நிறுவி, பழைய கருவியையே மேலும் நான்கு ஆண்டுகள் பயன்படுத்துவது மற்றொரு வழி. இரண்டாம் வழியில் ஆதரவு சேர்க்கும் பொறியாளர் செலவு ரூ.1.5 லட்சம், அடுத்த நான்கு ஆண்டுகளுக்கான பராமரிப்பு ஆண்டுக்கு ரூ.50,000 வீதம் ரூ.2 லட்சம், ஆக மொத்தம் ரூ.3.5 லட்சம் எனக் கொள்வோம். ஒவ்வொரு கருவியிலும் நிறுவும் கூலி ரூ.250 என்க. அப்படியானால் ஒரு கருவிக்கு மிச்சமாவது ரூ.1,750.

பத்து ரவுட்டர்கள் மட்டும் உள்ள அலுவலகம் இதனால் மிச்சப்படுத்துவது ரூ.17,500. அதற்காக ரூ.3.5 லட்சம் செலவிடுவது அறிவுடைமையாகாது. 200 கருவிகள் இருப்பின் வரவும் செலவும் சமமாகின்றன. ஒரே மாதிரியில் 500 கருவிகள் வைத்திருக்கும் துறைக்கோ, செலவு போக ரூ.5.25 லட்சம் மிச்சமாகும்.

இக்கணக்கிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தனியொரு நுகர்வோரோ சிறு அலுவலகமோ இப்பணியைத் தன் செலவில் மேற்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தொழில்நுட்ப ஆர்வம் கொண்ட தன்னார்வலர்களே இதுவரை பெரும்பகுதியைச் செய்து வந்துள்ளனர். அவர்களின் ஆர்வம் எந்த மாதிரியின் மேல் விழுகிறதோ அதற்கு ஆதரவு கிடைக்கிறது. எளிய மக்கள் மிகுதியாக வாங்கும் மாதிரிக்கு அது கிடைக்காமலும் போகலாம். இரண்டாவது, பணி ஏற்கெனவே எங்கோ ஒருவரால் செய்யப்பட்டிருந்தால், பத்து கருவிகள் உள்ள அலுவலகத்திற்கும் அது இலாபமே. ஆதலால் புதிதாக ஆதரவு சேர்ப்பதைவிட, ஏற்கெனவே ஆதரவு உள்ள மாதிரியைத் தேர்ந்தெடுத்து வாங்குவது பல மடங்கு சிக்கனமானது. மூன்றாவது, ஒரே துறையில் பல்வேறு மாதிரிகளை வாங்கிக் குவித்தால் ஒருமுறைச் செலவு சிதறிவிடுகிறது. மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே சிக்கனத்திற்கு வழி.

பாதுகாப்பும் புறவிளைவுகளும்

பணக் கணக்கில் அடங்காத மற்றொன்றும் உண்டு. திருத்தப்படாத ரவுட்டரால் ஏற்படும் தீங்கு, அதை வைத்திருப்பவரோடு நின்றுவிடுவதில்லை. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், எளிய கடவுச்சொற்கள் கொண்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, அவற்றின் கூட்டு வலிமையால் பெரிய இணையச் சேவைகளையே முடக்கியது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல், குறைந்தது 54 நாடுகளில் சுமார் 5 லட்சம் கருவிகளைப் பற்றியிருந்ததாகச் சிஸ்கோவின் ஆய்வுப் பிரிவு மதிப்பிட்டது. கைப்பற்றப்பட்ட கருவி தன் உரிமையாளருக்கு வழக்கம்போலவே இணையம் தந்துகொண்டிருந்ததால், திருத்த வேண்டும் என்ற தூண்டுதல் அவருக்கு எழவில்லை. நட்டம் பிறர் மீது விழுந்தது. ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கும்போது நாம் காணும் புறவிளைவுச் சிக்கல் இங்கும் அதே வடிவில் காணப்படுகிறது. இத்தகைய இடங்களில் சந்தை தானாகத் தீர்வு காணாது என்பது பொருளியலின் பழைய பாடமாகும்.

நன்மை பரவுவதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. ரவுட்டர்களில் அளவுக்கு மீறிய வரிசைச் சேமிப்பால் பேச்சும் படமும் தடைப்படும் குறையைத் தீர்க்கும் ஆய்வுகள், ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யை ஆய்வுக் களமாகக் கொண்டு நடைபெற்றன. அவற்றின் பயனாக மேம்பட்ட எஃப்.க்யூ.-கோடெல் என்னும் முறை, 2018ஆம் ஆண்டில் இணையப் பொறியியல் குழுவின் ஆவணமாகவும் வெளியாயிற்று. மூல நிரல் திறந்திருந்ததனாலேயே ஆய்வாளர் கண்ட தீர்வு சாதாரண வீட்டுக் கருவியில் இயங்க முடிந்தது.

இந்தியச் சூழல்

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உரிமம் பெறும் தேவையிலிருந்து விலக்கப்பட்டது. அதையடுத்து, இமாசலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் சமூகக் கம்பியில்லா வலையமைப்பு ஒன்று உருவாயிற்று. முன்னர் கூறிய டபிள்யூ.ஆர்.டி. 54ஜி போன்ற வீட்டு ரவுட்டர்களை மாற்றிய நிலைப்பொருளால் இயக்கி, மலைச்சரிவுகளில் இருந்த பள்ளிகளையும் நிறுவனங்களையும் ஒன்றோடொன்று இணைத்தனர். விலையுயர்ந்த தொலைத்தொடர்புக் கருவிகள் கட்டுப்படியாகாத ஓரிடத்தில், வீட்டுக்கென விற்ற கருவி வலையமைப்பின் கணுவாக மாறியது. உற்பத்தியாளர் எண்ணிப் பாராத பயனை ஒரு கருவி தருவதற்கு, அதன் நிரல் திறந்திருப்பதே காரணமாயிற்று.

2018ஆம் ஆண்டில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் கூடுதல் அலைவரிசைகள் உரிமத் தேவையிலிருந்து விலக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டு டிசம்பரில், சிறு கடைக்காரரும் பொது வைஃபை சேவை அளிக்க வகைசெய்யும் பி.எம்.-வானி திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் மறுபுறம் நடைபெறுகிறது. இவையனைத்தின் கடைசிக் கண்ணி, சுவரில் மாட்டப்பட்ட ஒரு சிறு ரவுட்டரே ஆகும்.

கொள்கை அளவில் தடை ஏதும் இல்லை. அரசின் மின்னாளுகை அமைப்புகளில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015ஆம் ஆண்டிலேயே அறிவித்துள்ளது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, கழிவின் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. கழிவை முறையாக மறுசுழற்சி செய்வதைக் காட்டிலும், கருவி கழிவாவதையே தள்ளிப்போடுவது சிறந்தது என்பதை விளக்கத் தேவையில்லை.

இத்துறையில் நமக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. 1984ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சி-டாட் மையம், குளிர்சாதன வசதியின்றி நம் கிராமங்களின் வெப்பத்திலும் தூசியிலும் இயங்கும் 128 இணைப்புத் தொலைபேசி நிலையத்தை உருவாக்கியது. அந்தத் தொழில்நுட்பம் ஒரே நிறுவனத்திடம் அடைபடாமல் பல உற்பத்தியாளர்களுக்கு வழங்கப்பட்டது. அறிவு பொதுவாக்கப்பட்டால் உற்பத்தி பரவும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

வரம்புகளும் இடர்ப்பாடுகளும்

திறமூல நிலைப்பொருள் எல்லாக் குறைகளுக்கும் மருந்தன்று. அதன் வரம்புகளையும் நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நினைவகம் முதல் வரம்பு. 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் தற்காலிக நினைவகமும் மட்டுமே கொண்ட பழைய கருவிகளுக்கு ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யின் ஆதரவு 19.07 பதிப்போடு முடிந்தது. 2021ஆம் ஆண்டில் வந்த 21.02 பதிப்பு, குறைந்தது 8 மெகாபைட் ஃபிளாஷும் 64 மெகாபைட் நினைவகமும் வேண்டும் என வரையறுத்தது. எனவே, கருவி வாங்கும்போது நினைவகத்தில் சில ரூபாய் மிச்சப்படுத்துவது, பின்னர் முழுக் கருவியையும் இழக்கச் செய்யலாம்.

சிப் உற்பத்தியாளரின் போக்கு இரண்டாவது வரம்பு. சில நிறுவனங்களின் வைஃபை சிப்களுக்குத் திறந்த டிரைவர் கிடைக்கிறது. பிராட்காம் நிறுவனத்தின் பல வைஃபை சிப்களுக்கு அது கிடைப்பதில்லை. அத்தகைய கருவியில் கம்பி இணைப்பு இயங்கினாலும் கம்பியில்லா இணைப்பு முழுமையாக இயங்காது.

பூட்டப்பட்ட கருவிகள் மூன்றாவது வரம்பு. உற்பத்தியாளரின் மறைமொழிக் கையொப்பம் இல்லாத நிலைப்பொருளை ஏற்க மறுக்கும் பூட்லோடர்கள் பெருகி வருகின்றன. மேலும், இணையச் சேவை நிறுவனம் வீட்டில் பொருத்தும் ஒளியிழை முனையக் கருவி பல நேரங்களில் அந்நிறுவனத்தின் உடைமையே. அதில் கைவைப்பது ஒப்பந்தத்திற்கு மாறானது. அதன் பின்னால் தனி ரவுட்டர் ஒன்றை வைத்துக்கொள்வதே முறையாகும்.

அலைவரிசை ஒழுங்குமுறை நான்காவது. கருவி எந்த அலைவரிசையில், எந்த ஆற்றலில் அனுப்பலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் வரம்பு உண்டு. நிலைப்பொருளை மாற்றுபவர் அவ்வரம்பை மீறக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. அமெரிக்காவில் இது குறித்து ஏற்பட்ட விதிகளால், வானொலிப் பகுதியை மட்டும் பூட்ட வேண்டிய இடத்தில் சில நிறுவனங்கள் முழு நிலைப்பொருளையும் பூட்டத் தலைப்பட்டன. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஆற்றல் வரம்பு தொடர்பான வழக்கில் டிபி-லிங்க் நிறுவனம் 2 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டபோது, பிறர் எழுதும் நிலைப்பொருளுக்கு இடமளிக்கும் வழிகளை ஆராயவும் ஒப்புக்கொண்டது. சட்ட வரம்பைக் காப்பதும் நிரலைத் திறந்து வைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே இதன் பாடம். நம் நாட்டில் இத்தகைய நிலைப்பொருளை நிறுவுவோர், அமைப்பில் நாட்டின் பெயராக இந்தியாவைத் தேர்ந்தெடுத்து வரம்புக்குள் இயக்குவது கடமையாகும்.

இவையன்றி, நிறுவும்போது மின்தடை ஏற்பட்டால் கருவி இயங்காமல் போகும் இடரும், உற்பத்தியாளரின் உத்தரவாதத்தை இழக்கும் வாய்ப்பும் உண்டு. அலுவலகக் கருவிகளில் துறையின் தகவல் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு, உரிய அனுமதியுடன் மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும்.

கொள்முதல் அலுவலர் கவனத்திற்கு

கருவி பழையதான பின்னர் எடுக்கும் முயற்சியைவிட, வாங்கும் நாளில் கேட்கும் கேள்வி பயனுள்ளது. பிற நாடுகள் இத்திசையில் சட்டமியற்றத் தொடங்கியுள்ளன. பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தது எவ்வளவு காலம் வரை கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் அறிவிக்க வேண்டும் என்னும் விதி பிரிட்டனில் 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகளுக்கு 2027ஆம் ஆண்டு டிசம்பர் கெடுவாகக் குறிக்கப்பட்டுள்ளது.

நமது அலுவலர்கள் ஒப்பந்தப்புள்ளி விவரக்குறிப்பில் பின்வருவனவற்றைச் சேர்ப்பது குறித்துச் சிந்திக்கலாம்:

1. பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வழங்கப்படும் என்ற எழுத்து மூலமான உறுதி.

2. பொது உரிமத்தின் கீழ் வரும் பகுதிகளின் முழு மூல நிரலையும், அதைத் தொகுக்கும் முறையையும் கருவியுடன் ஒப்படைத்தல்.

3. திருத்தங்கள் நிற்கும் நாளில் பூட்லோடரின் பூட்டைத் திறந்து தரும் கடப்பாடு.

4. திறமூல நிலைப்பொருள் இன்று கேட்கும் குறைந்த அளவுக்கு மேலாகவே ஃபிளாஷும் நினைவகமும் இருத்தல்.

5. ஒரே ஒப்பந்தத்தின் கீழ் வழங்கப்படும் கருவிகள் அனைத்தும் உள்ளமைப்பிலும் ஒரே பதிப்பாக இருத்தல்.

இவற்றுள் எதுவும் குறிப்பிட்ட நிறுவனத்திற்குச் சார்பானதன்று, போட்டியைக் குறைப்பதுமன்று. இத்தகைய கருவியைச் சந்தைக்குக் கொண்டுவருவது இயலும் என்பதற்கும் சான்று உள்ளது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. ஒன் என்னும் ரவுட்டர், திட்டத்தின் நிரலாளர்களே வடிவமைப்பில் பங்கேற்று உருவாக்கியதாகும். அதன் மூல நிரல் முதல் நாளிலிருந்தே திறந்துள்ளது. மேலுறையுடன் கூடிய கருவி 89 டாலர் என்ற விலையில் அப்போது விற்பனைக்கு வந்தது. நம் சந்தையின் சாதாரண ரவுட்டர்களோடு ஒப்பிட இவ்விலை மிகுதியே. எனினும், விலையைக் குறைக்கும் ஆற்றல் பெருமளவு உற்பத்திக்கு உண்டு.

கல்வி நிறுவனங்களின் பங்கு

ஆதரவு சேர்க்கும் பணியின் ஒருமுறைச் செலவை ஏற்பதற்கு நம் நாட்டில் இயல்பான இடம் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் ஆகும். இறுதியாண்டு மாணவர் குழு ஒன்று, தம் மாவட்டப் பள்ளிகளில் மிகுதியாக உள்ள ஒரு மாதிரியைத் தேர்ந்து, மேற்கூறிய ஏழு படிகளையும் ஒரு பருவத்தில் முடிக்க முயலலாம். மின்னணுவியல், இயக்க அமைப்பு, வலையமைப்பு ஆகிய மூன்று பாடங்களும் அதில் ஒன்றுசேர்கின்றன. உலகின் பிற பகுதிகளில் உள்ள பரிசீலனையாளர்கள் வரி வரியாகச் சோதித்து ஏற்கும் ஒரு பணி, ஆண்டிறுதியில் அலமாரியில் வைக்கப்படும் செயல்திட்ட அறிக்கையைவிட மதிப்புமிக்கது என்பதில் ஐயமில்லை. தேவைப்படுவன சில பழைய ரவுட்டர்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சீரியல் இணைப்பி, பற்றாசு வைக்கும் கருவி, ஒரு கணினி ஆகியவையே. எத்துறையின் கருவிகளுக்கு ஆதரவு தேவை என்ற பட்டியலை மாவட்ட அளவிலான அலுவலகங்கள் கல்லூரிகளுக்கு அளித்தால், தன்னார்வலரின் தற்செயலான விருப்பத்திற்குப் பதிலாகப் பொதுத் தேவையே பணியை வழிநடத்தும்.

ஒரு ரவுட்டரின் விலை சிறிது. ஆனால், நாடெங்கும் பள்ளிகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் சிறு கடைகளிலும் அமைந்துள்ள கருவிகளைச் சேர்த்து நோக்கும்போது, அது நாட்டின் மூலதனத்தில் கணிசமான பகுதியாகும். அம்மூலதனத்தின் ஆயுளை யார் தீர்மானிப்பது என்பதே இங்கு உண்மையான கேள்வி. மூல நிரலும் அதைத் திருத்தும் அறிவும் நம் கையில் இருக்கும் வரையில், அத்தீர்மானம் தொலைதூர நிறுவனம் ஒன்றின் விற்பனைத் திட்டத்தைச் சார்ந்திராது. விவரக்குறிப்பில் அலுவலர் சேர்க்கும் ஐந்து வரிகளும், ஆய்வுக்கூடத்தில் மாணவர் எழுதும் சில நூறு வரிகளும் இந்நிலையை எய்துவதற்குப் போதுமான தொடக்கமாகும்.